"அது வெறும் தியரிதானே?": கோட்பாட்டு இயற்பியலாளர் செய்யும் வேலை

"அதெல்லாம் தியரிக்குச் சரி, நடைமுறைக்கு ஒத்துவராது" என்று ஒரு தடவையாவது சொல்லாதவர்கள் குறைவு. பேச்சு வழக்கில் தியரி என்றால் ஊகம், கொஞ்சம் ஏட்டுச் சுரைக்காய். இந்தப் பொருளை அப்படியே தூக்கிக்கொண்டு இயற்பியலுக்குள் போனால், கோட்பாட்டு இயற்பியலாளர் என்பவர் நாற்காலியில் சாய்ந்தபடி மனதில் பட்டதைச் சொல்கிறவர் ஆகிவிடுகிறார். இதற்கு நேர் எதிரான படம் ஒன்றும் உலவுகிறது. கருந்துளை, இணைப் பிரபஞ்சம் என்று காணொளிகளில் பேசுகிறவர், எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கும் ஞானி.

முதல் படம் அவர் வேலையைக் குறைத்துக் காட்டுகிறது. இரண்டாவது, வேலை முடிந்த பிறகு அவர் செய்கிற ஒன்றையே வேலை என்று நினைத்துக்கொள்கிறது. அந்த வேலை என்ன, அதைச் செய்து ஒருவர் எப்படிக் காலம் தள்ளுகிறார், அதை நமக்குச் சொல்ல வரும்போது என்ன நேர்கிறது என்று பார்ப்போம். சமன்பாடு ஒன்றுகூட வராது, பயப்பட வேண்டாம்.

## வரவு செலவு நோட்டு இடிக்கும்போது

மாதக் கடைசியில் வரவு செலவு எழுதிக் கூட்டிப் பார்க்கிறீர்கள். கையில் இருக்க வேண்டிய பணத்தில் கொஞ்சம் குறைகிறது. காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். நோட்டில் எழுதாத செலவு எங்கோ நடந்திருக்கிறது. இல்லையென்றால், நீங்கள் கணக்குப் போட்ட முறையே தவறு.

கோட்பாட்டு இயற்பியலின் பெரிய கதைகளில் பாதி இந்தத் தடுமாற்றத்திலிருந்து பிறந்தவை. 19ஆம் நூற்றாண்டில் யுரேனஸ் கோள், நியூட்டனின் விதிப்படி இருக்க வேண்டிய இடத்தைவிட்டுக் கொஞ்சம் விலகியே போய்க்கொண்டிருந்தது. பிரான்ஸைச் சேர்ந்த லெ வெரியே, நோட்டில் வராத செலவு ஒன்று இருப்பதாக எடுத்துக்கொண்டார். அதாவது, இன்னும் யாரும் பார்க்காத ஒரு கோள் யுரேனஸை இழுக்கிறது. அப்படியானால் அந்தக் கோள் வானில் எங்கே இருக்க வேண்டும்? கணக்குப் போட்டு பெர்லின் வானாய்வகத்துக்குக் கடிதம் எழுதினார். 1846 செப்டம்பர் 23ஆம் தேதி இரவு, யோஹான் காலே தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்தார். சொன்ன இடத்திலிருந்து ஒரு டிகிரிக்குள் நெப்டியூன் இருந்தது. இங்கிலாந்தில் ஜான் ஆடம்ஸும் ஏறக்குறைய அதே காலத்தில் இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது தனிக் கதை.

சரி, அடுத்தது புதன். அதன் பாதையிலும் ஒரு சின்ன விலகல். தெரிந்த கோள்களின் இழுப்பையெல்லாம் கழித்த பிறகும், நூறு ஆண்டுக்கு ஏறத்தாழ 43 வில்நொடி மிச்சம் நின்றது. ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் வில்நொடி. இவ்வளவு சின்னத் தொகைக்கும் கணக்குக் கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். லெ வெரியே பழைய உத்தியையே எடுத்தார். சூரியனுக்கும் புதனுக்கும் இடையில் இன்னொரு கோள் இருக்கிறது என்றார். அதற்கு வல்கன் என்று பெயர்கூட வைத்தாயிற்று, பார்த்துவிட்டோம் என்று சிலர் சொல்லவும் செய்தார்கள். ஆனால் அப்படி ஒரு கோள் இல்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் ஈர்ப்புக்குப் புதிய விதிகளை எழுதியபோது, அந்த 43 வில்நொடி அதிலிருந்து தானாக வந்து விழுந்தது. இந்த முறை பிழை கணக்கு முறையில் இருந்திருக்கிறது.

ஒரே மனிதர், ஒரே உத்தி. ஒரு தடவை பலித்தது, ஒரு தடவை பலிக்கவில்லை. எனக்கு லெ வெரியேயின் வெற்றியைவிட இந்தத் தோல்விதான் அதிகம் சொல்லித்தருகிறது. எந்தப் பக்கம் பிழை என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி எதுவும் இல்லை. அதனால்தான் 1930இல் அணுக்கருக்கள் சில எலக்ட்ரானை உமிழும்போது ஆற்றல் கொஞ்சம் காணாமல் போகிறதே என்று திகைத்த காலத்தில், நீல்ஸ் போர் போன்ற மேதையே "ஆற்றல் அழியாது என்ற விதியே இங்கே பொருந்தாதோ" என்று யோசித்தார். வோல்ஃப்காங் பாலி மற்றப் பக்கம் நின்றார். யார் கண்ணிலும் படாத ஒரு துகள் அந்த ஆற்றலை எடுத்துக்கொண்டு போகிறது என்று அந்த ஆண்டு டிசம்பரில் சக ஆய்வாளர்களுக்குக் கடிதம் எழுதினார். அச்சில் வெளியிடும் துணிச்சல் அவருக்கே இல்லை. அந்தத் துகளை, அதாவது நியூட்ரினோவை, ரெய்ன்ஸும் கவனும் அணு உலைக்குப் பக்கத்தில் கருவி வைத்துப் பிடித்தது 1956இல்.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ளலாம். வல்கன், 1930இல் பாலி சொன்ன துகள் ஆகியவை கருதுகோள்கள்: சரிபார்க்கக்கூடிய, ஆனால் முன்வைத்த நேரத்தில் இன்னும் சரிபார்க்கப்படாத முன்மொழிவுகள். நியூட்டனின் ஈர்ப்பு, ஐன்ஸ்டைனின் ஈர்ப்பு இரண்டும் கோட்பாடுகள்: ஒரே விதித் தொகுப்பிலிருந்து பல நிகழ்வுகளைக் கணக்கிட்டுச் சொல்லவும், அளந்து சோதிக்கவும் முடிகிறவை. பேச்சில் நாம் 'தியரி' என்பது பெரும்பாலும் கருதுகோளைக்கூட அல்ல, ஊகத்தை.

## நோட்டு உவமை எங்கே உடைகிறது

ஒப்புமை சொன்னால் அது உடையும் இடத்தையும் சொல்வதுதான் நியாயம். வீட்டு நோட்டில் கணக்கு உதைத்தால் 'இதர செலவு' என்று ஒரு வரி எழுதி மூடிவிடலாம். இயற்பியலில் இதர செலவுக்கு இடமே கிடையாது. புதனுக்காக விதியை மாற்றினால், அதே விதி பூமிக்கும் நிலாவுக்கும் கீழே விழும் கல்லுக்கும் பொருந்த வேண்டும். அங்கெல்லாம் பழைய விதி ஏற்கெனவே சரியான விடை தந்துகொண்டிருந்ததே!

அதனால் ஒரு கோட்பாட்டாளர் புதிதாக எதை எழுதினாலும் முதலில் செய்வது எல்லைச் சோதனை. பழைய கோட்பாடு நன்றாக வேலை செய்யும் சூழலில், புதியதும் அதே விடையைத் தருகிறதா என்று பார்ப்பதுதான் அது. ஐன்ஸ்டைனின் விதிகளில் ஈர்ப்பு வலுக்குறைவாகவும் வேகம் குறைவாகவும் இருப்பதாக வைத்துக்கொண்டால் நியூட்டனின் விதி வெளியே வருகிறது. ஐன்ஸ்டைனைத் தவறென்று நிரூபித்துவிட்டேன் என்று அவ்வப்போது யாராவது அறிவிப்பார்கள். இந்த எல்லைச் சோதனையைச் செய்து பார்த்தீர்களா என்பதுதான் அவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பெரும்பாலும் பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

அன்றாட வேலையின் மற்ற பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காகிதம், கரும்பலகை, கணினி, எதிரில் மறுத்துப் பேச ஒரு ஆள். முழுக் கணக்கைப் போடவே முடியாத இடங்களில் முக்கியமில்லாததைத் தள்ளிவிட்டுப் போடுவார்கள். அதன் பெயர் தோராயம். எதைத் தள்ளலாம், எதைத் தள்ளினால் விடையே பாழாகும் என்ற உணர்வு பழகப் பழகத்தான் வரும். போடும் கணக்குகளில் பெரும்பகுதி குப்பைக்குப் போகும்.

இதுவரை பார்த்ததன் சுருக்கம்: கோட்பாட்டாளர் ஊகம் சொல்கிறவர் அல்ல. 'இப்படி வைத்துக்கொண்டால் என்னென்ன நடந்தாக வேண்டும்' என்று கணக்குப் போட்டு, அளந்து பார்க்கும்படி சொல்கிறவர்.

## இதை வேலையாகச் செய்து பிழைப்பது எப்படி

முதல் படி முனைவர் பட்டம். ஒரு வழிகாட்டியின் கீழ் நான்கைந்து ஆண்டுகள், சில நாடுகளில் இன்னும் குறைவாக, சில இடங்களில் கூடுதலாக. ஆரம்பத்தில் வழிகாட்டி கொடுக்கும் கேள்விக்கு விடை தேடுவார்கள். முடிக்கும்போது கேள்வியைத் தாமே கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது வித்தை கடினம். யாருக்கும் விடை தெரியாததாகவும் இருக்க வேண்டும், சில மாதங்களில் கணக்குப் போட்டு முடிக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கேள்விகள் வழியில் கொட்டிக் கிடப்பதில்லை.

பட்டம் வாங்கியதும் பேராசிரியர் ஆகிவிடலாம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். இடையில் போஸ்ட்டாக் என்று ஒரு நீண்ட பாலம் இருக்கிறது: முனைவர் பட்டத்துக்குப் பிறகு, இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் செய்யும் ஆய்வுப் பணி. ஒன்று முடிந்தால் வேறொரு ஊரில், பல நேரம் வேறொரு நாட்டில், இன்னொன்று. இப்படி இரண்டு மூன்று சுற்று வருவது சாதாரணம். வந்து சேர்ந்து வீடு பார்த்துப் பெட்டியைப் பிரிக்கிற வேகத்திலேயே அடுத்த விண்ணப்பத்துக்கும் நேரம் வந்துவிடும். நிரந்தரப் பேராசிரியர் பணிகள் போஸ்ட்டாக்குகளைவிட வெகு குறைவு என்பதால், இந்தப் பாலத்திலிருந்து பலர் மென்பொருள், தரவு அறிவியல், நிதி என்று வேறு துறைகளுக்கு இறங்கிப் போகிறார்கள். அதைத் தோல்வி என்று பேசுவது எனக்கு உடன்பாடில்லை. இருக்கைகளின் எண்ணிக்கையே அவ்வளவுதான்.

வேலையை எதை வைத்து எடைபோடுகிறார்கள்? ஆய்வுக் கட்டுரைகளை வைத்து. கட்டுரை எழுதி முடித்ததும், இதழில் வரும்வரை காத்திருக்காமல், ஆர்க்கைவ் என்ற இணையக் களஞ்சியத்தில் ஏற்றிவிடுவது வழக்கம். பால் கின்ஸ்பார்க் 1991இல் தொடங்கிய இந்தக் களஞ்சியத்தை உலகில் யாரும் காசு கொடுக்காமல் படிக்கலாம். அதில் இருப்பதாலேயே ஒரு கட்டுரை சரி என்று ஆகிவிடாது. செய்திகளில் இதைத்தான் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். இதழுக்கு அனுப்பினால் அதே துறையைச் சேர்ந்த ஒருவரோ இருவரோ படித்துக் குறை நிறை சொல்வார்கள். இதுதான் சக மதிப்பாய்வு. அவர்கள் எல்லாக் கணக்கையும் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள் என்று எண்ண வேண்டாம். வெளிப்படையான ஓட்டைகளைப் பிடிக்கும் சல்லடை அது, அவ்வளவுதான்.

அந்தச் சல்லடை சில நேரம் விசித்திரமான நல்லதும் செய்யும். அடிப்படைத் துகள்களுக்கு நிறை எப்படி வருகிறது என்பது பற்றி 1964இல் பீட்டர் ஹிக்ஸ் அனுப்பிய ஒரு கட்டுரையை ஓர் இதழ் திருப்பி அனுப்பியது. அவர் அதில் கொஞ்சம் சேர்த்து வேறொரு இதழுக்கு அனுப்பினார். புதிய துகள் ஒன்று இருந்தாக வேண்டும் என்ற பேச்சு அந்தச் சேர்க்கையில்தான் வந்தது. அந்தத் துகளைக் கண்டதாக ஜெனீவா அருகிலுள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகம் அறிவித்தது 2012 ஜூலை 4ஆம் தேதி. அடுத்த ஆண்டு ஹிக்ஸுக்கும், அவருக்குச் சற்று முன்பே ராபர்ட் பிரவுட்டுடன் சேர்ந்து நிறை பற்றிய இதே கருத்தை வெளியிட்ட பிரான்ஸுவா ஆங்லேருக்கும் நோபல் பரிசு. பிரவுட் 2011இலேயே இறந்துவிட்டார்.

கட்டுரைகளை எண்ணும் பழக்கமும் பெருகிவிட்டது. 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த ஹெச் குறியீடு இப்போது எங்கும் இருக்கிறது. ஒருவரின் 20 கட்டுரைகளை, ஒவ்வொன்றையும் குறைந்தது 20 பிற கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருந்தால் அவர் எண் 20. ஒற்றைக் கட்டுரையால் துறையையே திருப்பியவருக்கு இந்த எண் என்ன தரும்? 1. "இன்றைய கல்வி உலகில் எனக்கு வேலையே கிடைத்திருக்காது, போதுமான அளவு எழுதுகிறவன் என்று என்னைக் கருத மாட்டார்கள்" என்று ஹிக்ஸே 2013இல் சொன்னார்.

எண்கள் இல்லாத காலம் மட்டும் இனிமையாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது போட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீனுக்கு வெண்குறு விண்மீன் என்று பெயர். அதன் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்றது அந்தக் கணக்கு. இன்றைய மதிப்பில் அது சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. 1935 ஜனவரியில் அவர் இதை லண்டன் கூட்டத்தில் விளக்கி அமர்ந்ததும், அந்தக் காலத்தின் மிகப் பெரிய வானியற்பியலாளரான எடிங்டன் எழுந்து அதை மறுத்தார். கணக்கில் பிழை காட்டவில்லை. வரம்பை மீறிய விண்மீன் சுருங்கிக்கொண்டே போக இயற்கை விடாது என்றார். பெரியவரைப் பகைத்துக்கொள்ள வெளிப்படையாக யாரும் முன்வரவில்லை. சந்திரசேகர் பிற்பாடு வேறு ஆய்வுகளுக்குத் திரும்பினார். நோபல் பரிசு வந்தது 1983இல்.

## மேடைக்கு வரும்போது

பொதுமக்களிடம் அறிவியலைக் கொண்டுபோவது புதிய வழக்கம் அல்ல. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இளையோருக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் 1825இல் தொடங்கின. மைக்கேல் ஃபாரடே மட்டுமே 19 தொடர்கள் நடத்தினார். ஆனால் ஃபாரடே மெழுகுவத்தியை ஏற்றிக் காட்டிப் பேசலாம். கோட்பாட்டாளரிடம் ஏற்றிக் காட்ட என்ன இருக்கிறது? ஒப்புமைதான்.

இதைச் செய்வதால் பணி உயர்வுக்குப் பல இடங்களில் பெரிய லாபம் இல்லை. சில நேரம் நட்டம்கூட. புகழ்பெற்ற வானியலாளர் கார்ல் சேகனை அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் 1992இல் உறுப்பினராக ஏற்க மறுத்தது. பொதுவெளியில் நிறையப் பேசுகிறவர் ஆழமாக ஆராய மாட்டார் என்ற எண்ணத்துக்கு 'சேகன் விளைவு' என்றே பெயர் வந்துவிட்டது. இரண்டு ஆண்டு கழித்து அதே கழகம் பொதுநலப் பதக்கம் ஒன்றை அவருக்குக் கொடுத்தது வேடிக்கை.

சரி, ஒப்புமைக்கு வருவோம். 1993இல் பிரிட்டனின் அறிவியல் அமைச்சர் வில்லியம் வால்ட்கிரேவ் இயற்பியலாளர்களுக்குச் சவால் விட்டார். ஹிக்ஸ் சொன்ன துகள் என்றால் என்ன, அதை ஏன் தேட வேண்டும் என்று ஒரே தாளில் புரியவைத்தால் ஷாம்பெயின் பரிசு. அதில் டேவிட் மில்லர் எழுதியது இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கிறது. கட்சிக்காரர்கள் நிறைந்த விருந்துக்கூடம். முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் உள்ளே வருகிறார். எல்லோரும் மொய்த்துக்கொள்ள, அவரால் வேகமாக நகர முடியவில்லை, கனத்துப்போகிறார். யாரும் கண்டுகொள்ளாதவர் அதே கூடத்தைச் சட்டென்று கடந்துவிடுவார். கூட்டம்தான் ஹிக்ஸ் புலம், அதாவது வெளியெங்கும் நிறைந்து துகள்களுக்கு நிறை தருவது. கனம்தான் நிறை.

அமைச்சருக்குப் புரிய வேண்டியது புரிந்தது. கேட்கிறவர் மனதில் கூடவே ஒரு தவறும் குடியேறிவிடுகிறது. கூட்டத்தில் சிக்கியவர் மெல்ல மெல்ல நின்றுவிடுவார். ஹிக்ஸ் புலத்தில் துகள் அப்படி வேகம் குறைந்து நிற்பதில்லை. சீரான வேகத்தில் போகும் துகள் அப்படியே போகும். வேகத்தை *மாற்றுவது* கடினமாகிறது என்பதுதான் நிறை. அப்புறம் இன்னொன்று. நம் உடம்பின் எடைக்கெல்லாம் ஹிக்ஸ்தான் காரணம் என்று சொல்லப்படுவதும் சரியல்ல. புரோட்டான், நியூட்ரான்களின் நிறையில் ஏறத்தாழ 99 சதவீதம், அவற்றுக்குள் குவார்க்குகள் என்ற இன்னும் சிறிய துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் விசையின் ஆற்றலிலிருந்து வருகிறது. ஹிக்ஸின் பங்கு மிச்சமிருக்கும் சொற்பம். எலக்ட்ரான் போன்ற அடிப்படைத் துகள்களின் நிறைக்குத்தான் அது முக்கியம்.

ஐன்ஸ்டைனின் ஈர்ப்பை, அதாவது கனமான பொருள் தன்னைச் சுற்றி வெளியையும் காலத்தையும் வளைக்கிறது என்பதை, விளக்க விரிக்கும் ரப்பர் விரிப்பும் இந்த ரகம். நடுவில் கனமான குண்டை வைத்தால் விரிப்பு குழியும், கோலி குழியை நோக்கி உருளும், இதுதான் வளைந்த வெளி என்பார்கள். கோலி ஏன் கீழே உருள்கிறது? பூமியின் ஈர்ப்பு இழுப்பதால்! ஈர்ப்பை விளக்க ஈர்ப்பையே கடன் வாங்கியாயிற்று. இன்னும் பெரிய குறை, விரிப்பில் காலம் இல்லை. கையிலிருந்து விழும் பொருளுக்கு வெளியின் வளைவைவிட, உயரத்துக்கு உயரம் காலம் ஓடும் வேகம் மாறுவதே முக்கியம். இது வெறும் கற்பனை அல்ல. ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரம், உயரத்தில் ஈர்ப்பு குறைவதால் நாளுக்கு 45 மைக்ரோநொடி முந்துகிறது, வேகத்தால் 7 பிந்துகிறது. நிகரம் 38. அவ்வளவு நேரத்தில் ஒளி 11 கிலோமீட்டர் போய்விடும். அதைச் சரிசெய்துதான் உங்கள் போன் வழி காட்டுகிறது.

ஆகவே ஒப்புமை என்பது கணக்கு முடிந்த பிறகு அதன் ஒரு பக்கத்தை மட்டும் காட்டும் படம். படத்தை வைத்துக்கொண்டு மேலே தர்க்கம் செய்ய ஆரம்பித்தால் கால் இடறும். நாம் கேட்கும்போது இரண்டைக் கேட்டுக்கொள்ளலாம். இந்த ஒப்புமை எங்கே பொருந்தாது? சொல்லப்படுவது அளந்து பார்த்ததா, இன்னும் முன்மொழிவா? ஈர்ப்பு அலைகள், அதாவது வெளியிலும் காலத்திலும் பரவும் நெளிவுகள், கணக்கிலிருந்து கருவிக்கு வர ஏறக்குறைய நூறாண்டு ஆனது, 1916இலிருந்து 2015 வரை. இணைப் பிரபஞ்சம் இன்னும் கணக்கிலேயே இருக்கிறது. மேடையில் இரண்டும் ஒரே குரலில் வரும்.

ஒளிகூடத் தப்பாத கருந்துளையிலிருந்தும் மெல்லக் கதிர்வீச்சு கசியும் என்று ஸ்டீஃபன் ஹாக்கிங் 1974இல் அறிவித்ததும் இன்னும் கணக்கில் இருப்பதுதான். சூரியன் அளவு நிறையுள்ள கருந்துளைக்கு அந்தக் கணக்கு தரும் வெப்பநிலை, இதற்குக் கீழே குளிரவே முடியாது என்ற தனிச் சுழி வெப்பத்துக்கு மேல் ஒரு டிகிரியில் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. அதை எப்படி அளப்பது? ஆனால் அதற்கான படம் எல்லோருக்கும் தெரியும்: கருந்துளையின் விளிம்பில் இரட்டையாகத் தோன்றும் துகள்களில் ஒன்று உள்ளே விழுகிறது, மற்றது தப்பிக்கிறது. கணக்கு சொல்வது இவ்வளவு எளிமையானது அல்ல. அந்தக் கதிர்வீச்சின் அலைநீளமே கருந்துளையின் அளவுக்கு இருக்கும், விளிம்பின் ஒரு புள்ளியில் நடப்பதாகச் சொல்ல முடியாது. ஹாக்கிங்குக்கு இது தெரியாமல் இல்லை. 1975இல் வந்த அவருடைய விரிவான ஆய்வுக் கட்டுரையில் அந்த இரட்டைத் துகள் படத்தைச் சொன்ன கையோடு, இது புரிந்துகொள்ள உதவும் படம் மட்டுமே, எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறார். பொது வாசகர்களை வந்தடைந்தது படம். எச்சரிக்கை அந்தக் கட்டுரையிலேயே தங்கிவிட்டது.